ஓடி வளரும் கண்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒளி புகாத இடத்திலும் வானலை புகும். ஆயினும், வானலையைக் கொண்டு தெளிவாகக் காண மிகப் பெரிய கண் வேண்டும். சிறிய கண் ஒன்றை ஓடவிட்டு, அது வழிநெடுகக் கண்டவற்றை நினைவில் கோத்துப் பெரிய கண்ணாக மாற்றும் அறிவியல் முறை ஒன்று உண்டு. செயற்கைக்கோள்களில் வளர்ந்த அம்முறை இன்று சாலையில் ஓடும் ஊர்திகளுக்கு வந்திருக்கிறது. அதன் ஆற்றலையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

இரவுச் சாலை

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் வழியாக இராசபாளையம் செல்லும் சாலை. மார்கழி மாதப் பின்னிரவு. இருபுறமும் கரிசல் நிலம்; பனி இறங்கியிருக்கிறது. பேருந்தின் முகப்பு விளக்கொளி பனித்திவலைகளில் பட்டுச் சிதறி, வெண்திரையாய் ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புகிறது. சாலை வளைகிறது. வளைவுக்கு அப்பால் பழுதான லாரி ஒன்று பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கிறது. அதன் பின்சக்கரத்தருகே ஒருவர் குனிந்து அமர்ந்திருக்கிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் 40 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

நம் ஊர்ச் சாலைகளில் இரவில் பயணம் செய்தவர் எவர்க்கும் இக்காட்சி புதிதன்று. ஒளியை நம்பும் கண்ணும் புகைப்படக் கருவியும் இங்கே கைவிடுகின்றன. வானலையை அனுப்பி, பொருளில் பட்டுத் திரும்பும் எதிரலையைக் கொண்டு அப்பொருளின் தொலைவையும் வேகத்தையும் அறியும் கருவியே ரேடார். இன்றைய கார்கள் பலவற்றின் முகப்பில் உள்ளங்கையில் அடங்கும் ரேடார் பொருத்தப்படுகிறது. இருளும் பனியும் புகையும் அதற்குத் தடையாவதில்லை. பெருமழை மட்டும் அதன் வலிமையைச் சற்றுக் குறைக்கும். முன்னே செல்லும் வண்டி எவ்வளவு தொலைவில், என்ன வேகத்தில் செல்கிறது என்பதை அது கணப்பொழுதில் சொல்லிவிடும்.

ஆனால், அப்பொருள் என்ன என்று கேட்டால் அதனிடம் விடையில்லை. ‘50 மீட்டர் தொலைவில் ஏதோ இருக்கிறது, அது நகரவில்லை’ என்பதோடு அதன் அறிவு நின்றுவிடுகிறது. நிற்பது லாரியா, பாலத்தின் கைப்பிடிச் சுவரா, சாலைக்கு மேலே குறுக்காக அமைந்த வழிகாட்டிப் பலகையா? எல்லாமே அதற்கு அசையாத எதிரலைகள்தாம். ஒவ்வொரு பலகைக்கும் பாலத்துக்கும் வண்டி தானாகவே பிரேக் போட்டால் பின்னால் வருவோரின் நிலை என்னாகும்? இக்காரணத்தால், நிற்கும் பொருள்களின் எதிரலையைப் பெரிதாகக் கருதாமல் விட்டுவிடும்படி ஊர்தி ரேடார்கள் பல அமைக்கப்பட்டன. ஓடும் வண்டியைக் கண்டுகொள்ளும் கருவி, நிற்கும் லாரியைக் கண்டும் காணாததுபோல் விடுகிறது! கருவி செய்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்கருவியின் கண் மிகச் சிறியது என்பதே இதற்குக் காரணம்.

கண்ணின் அளவு

ஒரு கண் எவ்வளவு நுட்பமாகக் காணும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அது பயன்படுத்தும் அலையின் நீளம். மற்றொன்று, அவ்வலையை உள்வாங்கும் திறப்பின் அகலம். அலைநீளத்தைத் திறப்பின் அகலத்தால் வகுத்து, வரும் எண்ணைப் பொருளின் தொலைவால் பெருக்கினால், அத்தொலைவில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும். இதனை இயற்பியலார் பிரிதிறன் என்பர்.

நம் கண்மணியின் திறப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஒளியின் அலைநீளமோ அதில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. எனவே 50 மீட்டர் தொலைவில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியையும் நம்மால் பிரித்துக் காண முடிகிறது. ஊர்தி ரேடாரின் அலை 77 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. அதன் நீளம் 3.9 மில்லிமீட்டர். வரிசையாக அமைந்த எட்டு ஆன்டெனாக்களைக் கொண்ட ரேடாரின் திறப்பு 16 மில்லிமீட்டர் அளவினது. வகுத்துப் பாருங்கள்: 50 மீட்டர் தொலைவில் அதன் பிரிதிறன் 12 மீட்டர்! சாலை முழுவதும், அதன் இரு ஓரங்களும், ஓரத்து லாரியும், லாரியருகே அமர்ந்தவரும் அதற்கு ஒரே மங்கலான திட்டு.

இத்திறப்பை ஆங்கில வழக்கை ஒட்டித் தமிழ் நாளிதழ்கள் ‘துளை’ என்று எழுதுகின்றன. இப்பாடத்தின் பொருளும் ‘செயற்கைத் துளை ரேடார்’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. சொல் வழக்கில் நிலைத்துவிட்டதால் நாமும் அதனை ஏற்போம். எனினும், துளை என்றதும் ஓட்டையே நினைவுக்கு வருகிறது. நீர் பாயும் மதகின் திறப்பையும், பாலத்தின் வளைவுகளுக்கு இடைப்பட்ட திறப்பையும் ‘கண்’ என்று சொல்வது நம் வழக்கு. காண்பதற்கும் கடந்துவருவதற்கும் ஒரே சொல்லைத் தந்த மொழி இது. ‘செயற்கைக் கண்’ என்று பெயரிட்டிருந்தால் கருத்து இன்னும் விரைவாக விளங்கியிருக்கும்.

கண்ணைப் பெரிதாக்க நேரான வழி, இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஆயிரம் ஆன்டெனாக்களை வரிசையாகப் பதிப்பதாகும். பேருந்தின் முகப்பு அவ்வளவு அகலம் உடையதுதான். ஆயினும் விலையும் மின்செலவும் பராமரிப்பும் அவ்வழியை அடைத்துவிடுகின்றன. வேறு வழி ஒன்று 1951ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது.

சன்னலோரத்துப் பனைமரங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குட்இயர் விமான நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் வைலி என்னும் பொறியாளர், பறக்கும் விமானத்தின் ரேடாரைப் பற்றிச் சிந்தித்தார். ஒரே தொலைவில் உள்ள பொருள்களாயினும், விமானம் நகரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அணுகவோ விலகவோ செய்யும்; அதனால் அவற்றின் எதிரலையில் தோன்றும் அதிர்வெண் மாற்றமும் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கொண்டே அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று அவர் கண்டார். இயற்பியல் பாடத்தில் நீங்கள் பயிலும் டாப்ளர் விளைவுதான் இது.

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். சாலையோரப் பனைமரங்கள் விரைந்து பின்னோடுகின்றன. நடுத்தொலைவில் உள்ள கிணற்று மேடு மெல்ல நகர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையோ நம்முடனேயே வருவதுபோல் நிற்கிறது. ஒவ்வொரு பொருளும் அது இருக்கும் இடத்துக்கேற்ப, நமக்கும் தனக்கும் உள்ள தொலைவைத் தனக்கே உரிய முறையில் மாற்றிக்கொண்டிருக்கிறது. நெருங்கி, மிக அருகே வந்து, பின் விலகும் அந்த மாற்றம் ஒவ்வொரு மரத்துக்கும் கையொப்பம் போன்றது. ஒரு கணத்தில் எடுத்த பதிவில் இக்கையொப்பம் தெரியாது. தொடர்ந்து எடுத்த ஆயிரம் பதிவுகளை வரிசையாக வைத்தால் தெரியும்.

அக்கையொப்பத்தைப் படிக்கத் தொலைவை மட்டும் குறித்து வைத்தால் போதாது. திரும்பி வந்த அலை அக்கணத்தில் முகட்டில் இருந்ததா, அகட்டில் இருந்ததா, இரண்டுக்கும் இடையில் எந்நிலையில் இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். இந்நிலையைக் கட்டம் என்பர். அலை 3.9 மில்லிமீட்டரே நீளமுடையதாகையால், பொருளின் தொலைவு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மாறினாலும் கட்டம் மாறிவிடும். இவ்வளவு நுண்ணிய அளவுகோல் தானாகவே அலையில் அமைந்திருக்கிறது.

பதிவுகளை எவ்வாறு ஒன்றுசேர்ப்பது? ஆடித்தவசு விழாவுக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவிலில் தேர் இழுப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். வடம் பிடித்த நூற்றுக்கணக்கானோர் ஒரே ஓசைக்கு ஒருசேர இழுத்தால் தேர் அசையும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தளர்த்தினால் அத்தனை பேரின் வலிமையும் வீணாகும். கணினியும் இதையே செய்கிறது. சாலையோரத்தில் ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறது. ‘இங்கே ஒரு பொருள் இருந்திருந்தால் ஆயிரம் பதிவுகளிலும் அதன் கட்டம் எவ்வெவ்வாறு மாறியிருக்கும்?’ என்று கணக்கிடுகிறது. அம்மாற்றத்தை ஒவ்வொரு பதிவிலிருந்தும் நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் கூட்டுகிறது. உண்மையிலேயே அங்குப் பொருள் இருந்தால் ஆயிரம் அலைகளும் ஒரே பக்கம் இழுக்கும்; புள்ளி ஒளிரும். இல்லையெனில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், புள்ளி இருண்டுவிடும். பிறகு அடுத்த புள்ளி. இவ்வாறு புள்ளி புள்ளியாகப் படம் எழுகிறது.

ஓடிய தொலைவு முழுவதும் ஒரே கண்ணின் அகலமாக மாறுகிறது. இல்லாத அகலத்தை ஓட்டத்தாலும் நினைவாலும் கணக்காலும் உண்டாக்குவதால் இது ‘செயற்கை’ எனப்பட்டது.

விண்ணிலிருந்து

இம்முறை முதலில் விமானங்களிலும் பின்னர்ச் செயற்கைக்கோள்களிலும் பயன்பட்டது. 1978இல் அமெரிக்கா ஏவிய சீசாட் செயற்கைக்கோள், கடலை ஆராயும் பொருட்டு இவ்வகை ரேடாரைச் சுமந்து சென்றது. இந்தியா தானே வடிவமைத்த செயற்கைத் துளை ரேடாருடன் ரிசாட்–1 செயற்கைக்கோளை 2012 ஏப்ரல் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. மேகம் மூடிய பருவமழைக் காலத்திலும் வயல்களையும் வெள்ளத்தையும் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது.

இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்–16 ஏவூர்தியால் விண்ணில் செலுத்தப்பட்டது. அவ்வகை ஏவூர்தியின் மேல்நிலைக்கு உரிய கிரையோஜெனிக் எந்திரங்கள் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படுபவை. நிசார் 747 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. குடைபோல் விரியும் 12 மீட்டர் அகல வலைத்தட்டு அதன் அலைவாங்கி. அவ்வளவு பெரிய தட்டாயினும், ஓட்டத்தின் உதவியின்றி 24 சென்டிமீட்டர் அலையைக் கொண்டு கண்டால், அதன் பிரிதிறன் 15 கிலோமீட்டராகவே இருக்கும். சங்கரன்கோவில் நகரம் முழுவதும் ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடும். ஓட்டத்தின் கணக்கைச் சேர்த்ததும் பிரிதிறன் 10 மீட்டருக்குள் வருகிறது. பன்னிரண்டு நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வந்து, நிலம் சென்டிமீட்டர் அளவில் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதையும் கட்ட வேறுபாட்டைக் கொண்டு சொல்லிவிடும்.

விண்ணில் ஒரு வசதி உண்டு. காற்றில்லாத வெளியில், பாதை மாறாமல், குலுங்காமல் செயற்கைக்கோள் செல்கிறது. அது எப்போது எங்கே இருந்தது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பேறு இல்லை.

தெரிந்து தெளிவோம்

மில்லிமீட்டர் அலையின் வரலாறு இந்திய மண்ணோடு தொடர்புடையது. கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், 1895இல் அந்நகர மன்றத்தில் கம்பியில்லா அலையை அனுப்பித் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தவர் அவர். ஒரே திசையில் அதிரும் அலையை மட்டும் பிரித்தெடுக்க, தொடர்வண்டிக் கால அட்டவணை நூலொன்றின் தாள்களுக்கு இடையே மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகிக் கருவியாக்கிக்கொண்டார். 1897இல் இலண்டன் இராயல் நிறுவனத்தில் இவ்வாய்வுகளை விளக்கினார்.

சாலையில் ஒரு கணக்கு

போஸ் கையாண்ட அலைகளின் அண்டை உறவினர்களே இன்று ஊர்திகளில் பயன்படும் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள். இந்தியாவிலும் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த ஆற்றலுடைய ஊர்தி ரேடார்கள் தனி உரிமமின்றிப் பயன்படுத்த 2015இல் விதி வகுக்கப்பட்டது.

இவ்வகை ரேடார் ஒரே அதிர்வெண்ணில் அலையை அனுப்புவதில்லை. நாகசுரக் கலைஞர் கீழ்ச் சுரத்திலிருந்து மேற்சுரத்துக்கு வழுக்கி ஏறுவதுபோல, அதிர்வெண்ணைத் தொடர்ச்சியாக உயர்த்திக்கொண்டே அனுப்புகிறது. எதிரலை திரும்பி வரும்போது கருவி அதனினும் உயர்ந்த சுரத்துக்குச் சென்றிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தொலைவைச் சொல்லும். 77இலிருந்து 81 வரை 4 கிகாஹெர்ட்ஸ் ஏறினால், முன்னும் பின்னுமாக 4 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு பொருள்களையும் பிரித்துவிடும். ஆக, தொலைவைப் பொறுத்தவரை ஊர்தி ரேடாருக்குக் குறையில்லை. பக்கவாட்டில்தான் அது மங்கல். அக்குறையையே ஓட்டம் நிறைவுசெய்ய வேண்டும்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் செல்கிறது. அதாவது நொடிக்கு 10 மீட்டர். பதிவுகளுக்கு இடையே அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடலாகாது; அலைநீளத்தில் கால் பங்கு என்பது கணக்கு. எனவே நொடிக்குப் பத்தாயிரம் முறை அலையை ஏற்றி அனுப்ப வேண்டும். இன்றைய சில்லுகளுக்கு இது இயலும். கார் ஒரு மீட்டர் ஓட நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதற்குள் ஆயிரம் பதிவுகள் சேர்ந்துவிடும். அலை போவதும் வருவதுமாக இருமுறை அதே தொலைவைக் கடப்பதால், ஒரு மீட்டர் ஓட்டம் இரண்டு மீட்டர் அகலக் கண்ணுக்கு ஒப்பாகிறது. பக்கவாட்டில் 20 மீட்டர் தொலைவில் பிரிதிறன் 4 சென்டிமீட்டர்! நிறுத்தி வைத்த மிதிவண்டியின் சக்கரத்தையும் சட்டத்தையும் தனித்தனியே காட்டும் நுட்பம் இது.

இதற்கு விலை கணினியின் உழைப்பு. 20 மீட்டர் நீள அகலமுள்ள பரப்பை 4 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் இரண்டரை இலட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் பதிவுகளைத் திருத்திக் கூட்ட வேண்டும். பத்தில் ஒரு நொடிக்கு இருபத்தைந்து கோடிக் கூட்டல்கள். கூட்டலைச் சுருக்கும் வழிகளைத் தேடுவதே இத்துறை ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி.

ஒரு மில்லிமீட்டர் பிழை

கணினியின் உழைப்பை விடவும் கடினமானது வேறொன்று. ஆயிரம் பதிவுகளில் ஒவ்வொன்றையும் எடுத்த கணத்தில் வண்டி எங்கே இருந்தது என்பதை அறிந்தால்தான் அவற்றைச் சரியாகக் கூட்ட முடியும். நேராக ஓடியதாக நாம் நினைத்த வண்டி, நடுவே ஒரு மில்லிமீட்டர் மட்டும் பொருளை நோக்கி விலகியது என்று கொள்வோம். போகவும் வரவுமாக அலையின் பாதை இரண்டு மில்லிமீட்டர் குறைகிறது. அலைநீளமோ 3.9 மில்லிமீட்டர். எனவே கட்டம் ஏறத்தாழ அரைச் சுற்று மாறிவிடும். முகடு இருக்க வேண்டிய இடத்தில் அகடு வந்து நிற்கும். வடம் பிடித்தவரில் பாதிப்பேர் தேரைப் பின்னால் இழுக்கத் தொடங்கியதுபோல் ஆகிவிடும். படம் கலைந்துபோகும்.

நம் சாலைகளில் ஒரு மில்லிமீட்டர் என்பது என்ன? வேகத்தடை, பள்ளம், ஒட்டுப்போட்ட தார், ஓட்டுநரின் கை அசைவு, எந்திரத்தின் அதிர்வு என எல்லாமே மில்லிமீட்டரைத் தாண்டுபவை. கைப்பேசியில் உள்ள இடங்காட்டி சில மீட்டர் வரை பிழைபடும். அதை நம்பிப் பயனில்லை. அலை குறுகக் குறுகப் படம் நுட்பமாகிறது. பிழை பொறுக்கும் தன்மையும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 சென்டிமீட்டர் அலையுடன் செல்லும் நிசார் ஒரு மில்லிமீட்டர் பிழையைப் பொருட்படுத்தாது. அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் செல்லும் கருவியைவிடத் தெருவில் செல்லும் கருவிக்கு நுட்பம் கூடுதலாகத் தேவைப்படுவதை எண்ணிப் பாருங்கள்!

இரண்டு வழிகளில் இதனை எதிர்கொள்கின்றனர். வண்டியின் முடுக்கத்தையும் சுழற்சியையும் நொடிக்குப் பலநூறு முறை அளக்கும் சிறு உணரிகளைச் சக்கர வேகக் கணக்கோடு இணைப்பது முதல் வழி. உலக வரைபடத்தில் வண்டி எங்கிருக்கிறது என்பது இங்குத் தேவையில்லை. பத்தில் ஒரு நொடிக்குள் அது தன் தொடக்க இடத்திலிருந்து எப்படி நகர்ந்தது என்பது தெரிந்தால் போதும். அச்சிறு நேரத்தில் உணரிகளின் பிழை பெருகுவதில்லை. இரண்டாவது வழி இன்னும் அழகானது. சாலையோரத்து இரும்புக் கம்பமோ தடுப்புக் கம்பியோ வலிமையாக எதிரலை தரும். அது அசையாது என்பது உறுதி. அதன் கையொப்பத்தில் எதிர்பாராத நெளிவு தெரிந்தால், நெளிந்தது கம்பமன்று, நம் வண்டியே! அந்நெளிவை அளந்து வண்டியின் பாதையைத் திருத்திக்கொள்ளலாம். மங்கிய படமே தன்னைத் தெளிவாக்கிக்கொள்ளும் வழியையும் சொல்லித் தருகிறது.

நிற்பவையும் நடப்பவையும்

இம்முறையின் எல்லைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னே நின்று நேர்முன்னே நோக்குங்கள். பக்கத்துப் பனைமரங்கள் ஓடுகின்றன. சாலையின் நெடுந்தொலைவு முனையோ இடம் வலம் நகராமல் நிற்கிறது. நேர் எதிரில் அடுத்தடுத்து இருப்பவை எல்லாம் ஒரே வேகத்தில் நெருங்குவதால் அவற்றின் கையொப்பங்கள் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. எனவே, வண்டி எத்திசையில் ஓடுகிறதோ அத்திசையில்தான் இக்கண் மங்கல்! அதோடு, இடப்புறம் பத்துப் பாகையிலும் வலப்புறம் பத்துப் பாகையிலும் ஒரே தொலைவில் இருப்பவை ஒரே கையொப்பம் இடும். எது இடம், எது வலம் என்பதை ஓட்டம் ஒன்றே சொல்லாது. ஆகையால், வரிசையாக அமைந்த பல ஆன்டெனாக்களும் ஓட்டத்தின் நினைவும் சேர்ந்தே பணி செய்ய வேண்டும். நேர்முகத்தை ஆன்டெனா வரிசை பார்த்துக்கொள்ளும். சற்றே விலகிய பகுதிகளில் ஓட்டம் கைகொடுக்கும்.

வளைவுகளில் இதன் அருமை தெரியும். தொடக்கத்தில் கண்ட லாரி வளைவுக்கு அப்பால், வண்டி செல்லும் திசையிலிருந்து 20 பாகை விலகி, 40 மீட்டர் தொலைவில் நிற்கிறது எனக் கொள்வோம். பேருந்து இரண்டு மீட்டர் ஓடுவதற்குள், அதாவது நொடியில் எட்டில் ஒரு பங்கில், அத்தொலைவில் 11 சென்டிமீட்டர் பிரிதிறன் கிட்டும். லாரியின் பின்பலகை தெரியும். அதன் அகலம் சாலையை எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதும் தெரியும். சக்கரத்தருகே அமர்ந்திருப்பவர் தனியே தெரிவார். நிற்கும் பொருளை விட்டுவிட வேண்டிய கட்டாயம் ரேடாருக்கு இனி இல்லை.

சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நடக்கத் தொடங்கினால் என்னாகும்? கணினி எல்லாப் பொருளும் அசையாமல் இருப்பதாகக் கொண்டே கணக்கிட்டது. நடப்பவர் தம் நடையால் தொலைவை மாற்றுவார். அம்மாற்றத்தையும் வண்டியின் ஓட்டம் உண்டாக்கியதாகவே கணினி எண்ணிவிடும். விண்ணிலிருந்து எடுத்த படங்களில் இப்பிழை பெயர்பெற்றது. ஓடும் தொடர்வண்டி தண்டவாளத்தை விட்டு விலகி வயலில் ஓடுவதுபோல் படத்தில் தோன்றும். விருதுநகர்–தென்காசித் தடத்தில் சங்கரன்கோவிலைக் கடக்கும் வண்டி ஒன்றை அவ்வாறு படமெடுத்தால், அது நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் கரிசல் காட்டுக்குள் நின்றாலும் வியப்பில்லை. சாலையில் இப்பிழை சிறியது. ஆனால் ஆபத்து பெரியது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் காரை நோக்கி, 20 மீட்டர் தொலைவிலிருந்து நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒருவர் நடந்து வந்தால், படத்தில் அவர் இரண்டு மீட்டர் தள்ளிக் காட்டப்படுவார். சாலையில் நடப்பவரைப் புதருக்குள் காட்டும் படத்தை நம்பி வண்டியை ஓட்ட இயலுமா?

அதனால், ஓட்டத்தால் வரைந்த படத்தையும் ஆன்டெனா வரிசை நேராகச் சொல்லும் திசையையும் பொறியாளர் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். இரண்டும் ஒத்துப்போனால் அது நிற்கும் பொருள். சுவர், கம்பம், லாரி. இரண்டும் முரண்பட்டால் அங்கே ஏதோ நகர்கிறது. ஆடித்தவசுக்கு இரவில் சாலையோரமாக நடந்து வரும் அடியவராகவும், கிடை மாற்ற ஆடுகளை ஓட்டிச் செல்பவராகவும் அது இருக்கலாம். முரண்பாட்டின் அளவே அவர் எத்துணை வேகத்தில் சாலையை நோக்கி வருகிறார் என்பதைச் சொல்லிவிடும்.

கற்பவை கற்றபின்

1. பேருந்துப் பயணம் ஒன்றில் சன்னல் வழியே தெரியும் மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவை எவ்வெவ்வாறு நெருங்கி விலகின என்பதைக் குறித்து வந்து வகுப்பில் விளக்குக.

2. ‘கண்’ என்னும் சொல் திறப்பு என்ற பொருளில் உங்கள் வட்டாரத்தில் வழங்கும் இடங்களைத் தொகுக்க. ‘செயற்கைத் துளை ரேடார்’ என்பதற்கு வேறு தமிழ்ச் சொல் ஒன்றைப் பரிந்துரைத்து, காரணம் கூறுக.

குறுவினா

1. நிற்கும் பொருள்களின் எதிரலையை ஊர்தி ரேடார்கள் பொருட்படுத்தாமல் விடக் காரணம் யாது?

2. கட்டம் என்பதனை முகடு, அகடு என்னும் சொற்களைப் பயன்படுத்தி விளக்குக.

சிறுவினா

1. தேர் வடத்தை உவமையாக்கிக் கணினி படம் உருவாக்கும் முறையை எழுதுக.

2. நிசாருக்குப் பொருட்டாகாத ஒரு மில்லிமீட்டர் பிழை, காரில் உள்ள ரேடாருக்குப் பெரும்பிழையாவது எவ்வாறு?

நெடுவினா

சாலையில் நிற்பவற்றைக் காட்டும் படம் நடப்பவரை இடம் மாற்றிக் காட்டுவது ஏன்? நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கு, இப்பாடத்தில் கூறிய அதே மனிதர் எவ்வளவு தள்ளிக் காட்டப்படுவார் என்பதையும் ஆராய்ந்து எழுதுக.